இரும்புக்கு வழி! அரிசிக்கு?

கொல்கத்தா நகரில் ஹூக்ளி ஆற்றின்மீது நிமிர்ந்து நிற்கும் ஹௌரா பாலத்தின் கதையைத் தோழர்கள் அறிதல் வேண்டும்.

1874-இல் அங்கே அமைந்தது மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி விலகும். நடந்து வந்தவன் கரையிலே காத்துக்கிடப்பான். கப்பலுக்கு முதலிடம், கால்நடையாய் வருவோனுக்குக் கடையிடம்! அதுதான் வெள்ளையர் ஆட்சி.

நகரம் வளர்ந்தது, மிதவை போதவில்லை. 1936-இல் புதுப்பாலப் பணி தொடங்கிற்று. போர் மூண்டதும் இங்கிலாந்து எஃகு வருவது தடைப்பட்டது. பணி நின்றதா? இல்லை! 26,500 டன் எஃகில் 23,000 டன்னை டாட்டா ஆலைத் தொழிலாளர் ஆக்கித் தந்தனர். போல்ட்டும் நட்டும் இல்லை. ரிவெட் அடித்தே பிணைத்தனர்.

1943 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டது. குண்டுவீச்சு அச்சத்தால் விழா இல்லை. அதே ஆண்டில் வங்கத்தில் பஞ்சம்! சோறு தேடி நகருக்கு வந்த ஏழைகள் தெருவோரங்களில் சுருண்டு மாண்டனர். மாண்டோர் தொகை இலட்சக்கணக்கில்!

இரும்புக்கு வழி கண்ட ஆட்சி, அரிசிக்கு ஏன் காணவில்லை? முடியாமலா? மனமில்லாமல்!

1965-இல் பாலத்துக்கு இரவீந்திரர் பெயர் சூட்டினர், மகிழ்கிறோம். ஆனால் பாலத்தின் உயரத்தை மட்டும் அளந்து ஓர் ஆட்சியைப் போற்றமாட்டோம். அதன்மீது நடப்பவன் வயிறு நிறைந்ததா என்றே கேட்போம், என்றும் கேட்போம்!