நிமிர்த்தும் முன் நிமிர்ந்து பாருங்கள்!

பழனி மலையில் பாச்சலூர் என்று ஓர் ஊர். அங்கும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் காப்பித் தோட்டங்கள் உண்டு. காப்பிச் செடிக்கு நிழல் தருவதற்காக உயரமான மரங்களை வளர்ப்பார்கள். அந்த மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். மிளகு பறிக்க ஏணி வேண்டும்.

ஏணியை மரத்தில் சாய்க்கும் முன் தரையிலிருந்து நிமிர்த்த வேண்டும். அதற்கு அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் உயிர் போவது அந்த அரை நிமிடத்தில்தான்!

முன்பெல்லாம் மலைத் தோட்டங்களில் மூங்கில் ஏணி இருந்தது. பிறகு அலுமினிய ஏணி வந்தது. அது எடை குறைவு. ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அலுமினியத்தில் மின்சாரம் தடையில்லாமல் பாயும். ஏணியின் நுனி கரண்டு கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. மிளகு விளையும் குடகு மலையில் இப்படி இறந்தவர்கள் உண்டு.

படகுக்காரர்கள் கற்ற பாடம்

இதே ஆபத்தை வெளிநாட்டுப் படகுக்காரர்களும் சந்தித்தார்கள். நம் மீனவரின் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' ஆயிற்று. இன்று அந்தப் பெயர் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அமெரிக்காவின் 'ஹோபி 16' அப்படிப்பட்ட சிறு பாய்ப்படகு. அதன் பாய்மரம் சுமார் 26 அடி உயரம். அதுவும் அலுமினியம்தான்!

படகை வண்டியில் கொண்டுவரும்போது பாய்மரம் படுத்திருக்கும். கரைக்கு வந்ததும் நிமிர்த்துவார்கள். அப்போதும், நிமிர்த்திய படகைத் தண்ணீருக்குத் தள்ளிச் செல்லும்போதும் மின்கம்பியில் பட்டுப் பலர் இறந்தார்கள். வழக்குகள் நடந்தன. பிறகு 1980-களில், பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் பாயாத கண்ணாடி இழையால் செய்தார்கள்.

அதோடு பழக்கமும் மாறியது. விவரம் தெரிந்த படகுக்காரர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். தண்ணீர் வரை போகும் வழி முழுவதும் மேலே கம்பி இருக்கிறதா என்று நடந்து பார்ப்பார். பாய்மரத்தின் அடி நழுவாமல் பொருத்துவார். ஒருவர் பின்னால் நின்று தூக்குவார். இன்னொருவர் முன்னால் நின்று கயிற்றை இழுப்பார். மரம் விழக்கூடிய இடத்தில் யாரையும் நிற்கவிட மாட்டார்கள். காற்று பலமாக இருந்தால் அந்த வேலையையே தள்ளிப் போடுவார்கள்.

நம் நாட்டில்...

2021-ம் ஆண்டு விழுப்புரத்தில் கொடிக்கம்பம் நட்டபோது 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேரின் உச்சி மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். 2025 மார்ச்சில் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழாவுக்காக எடுத்துச் சென்ற இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள்.

எல்லாம் விதி என்று சொல்லலாமா? கூடாது. தடுக்கக்கூடியதை விதி என்று சொல்வது, அடுத்த சாவுக்கு வழி விடுவதாகும்.

ஒரு ஆள் போதாது

"அவன் மேலே பார்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். ஏணியை நிமிர்த்துகிறவர் கண் எங்கே இருக்கும்? ஏணியின் அடியில் இருக்கும். தன் கையில் இருக்கும். பாரத்தைத் தூக்குகிறவரால் வானத்தையும் பார்க்க முடியாது. ஆகவே மேலே பார்ப்பதற்கென்றே இன்னொருவர் தேவை.

"சும்மா நின்று பார்க்க ஒரு ஆளுக்குக் கூலியா?" என்று தோட்டக்காரர் கேட்கலாம். அவர் சும்மா நிற்கவில்லை. ஓர் உயிரைக் காக்கிறார். அந்தக் கூலியைக் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை. கம்பிக்குப் பக்கத்து மரங்களுக்கு மின்சாரம் பாயாத ஏணி வாங்கித் தருவதும் அவர் கடமைதான். மூங்கிலை மட்டும் நம்பிவிட முடியாது. நனைந்தால் அதிலும் மின்சாரம் பாயும்.

மலையில் இன்னொரு தந்திரமும் உண்டு. தெருவைக் கடக்கும் 11,000 வோல்ட் கம்பி குறைந்தது 20 அடி உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதிமுறை. ஆனால் மலைச்சரிவில் கீழிருந்து பார்த்தால் எட்டாத உயரத்தில் தெரியும் கம்பி, மேட்டில் ஏறி நின்றால் பக்கத்தில் இருக்கும். அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

தாழ்ந்து தொங்கும் கம்பியைக் கண்டால் 94987 94987 என்ற மின்வாரிய எண்ணுக்குச் சொல்லுங்கள். யாருக்காவது மின்சாரம் தாக்கினால், ஆத்திரத்தில் ஓடிப்போய்த் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு உயிர் போகும். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள்.

தோட்டத்தில்தான் என்று இல்லை. வீட்டில் முருங்கைக்காய் பறிக்கும் இரும்புத் துறட்டிக்கும், பிள்ளைகள் நடும் கொடிக்கம்பத்துக்கும் இதே பாடம்தான். எதையும் நிமிர்த்தும் முன் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை!