புதிது வாங்கவா, பழுது பார்க்கவா?



வகுப்பறையில் அறிவிப்புப் பலகைகளைப் பொருத்துவதற்காக, வீட்டில் கிடந்த கம்பியில்லாத் துளைக்கருவியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். பேச்சுவழக்கில் 'பேட்டரி டிரில்' என்போமே, அதுதான். இரவு முழுவதும் மின்னேற்றியிருந்தும் நான்கு துளைகளோடு முனகி நின்றுவிட்டது. மாலையில் சுங்கை பாக்காப்பில் உள்ள ஒரு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பெலி பாரு லா, சிக்கு" என்றார்.

மாற்று மின்கலம் மட்டும் 160 வெள்ளி. இரண்டு மின்கலங்களோடு புதிய கருவியே 240 வெள்ளி. கணக்கு அவர் பக்கம்தான் நின்றது. ஆயினும், எது பழுது என்று அறியாமலே முழுக் கருவியையும் தூக்கி எறிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

தட்டினால்தான் சுழல்கிறது, காற்றுத் துளை வழியே பொறி பறக்கிறது என்றால், பெரும்பாலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது சில வெள்ளிச் செலவு. பொத்தானை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறவில்லையெனில் பழுது பொத்தானில் இருக்கலாம். வலுவாகத் தொடங்கி விரைவில் சோர்ந்தால் மின்கலத்தின் மீதே ஐயம் கொள்ள வேண்டும். அதே வகைக் கருவி வைத்திருக்கும் நண்பரிடம் மின்கலத்தைச் சிறிது நேரம் இரவல் வாங்கிப் பொருத்தினால் உண்மை தெரிந்துவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். கருவி புதிது போல் சுழன்றது!

18 வோல்ட் மின்கலப் பெட்டிக்குள், 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். ஒன்று நலிந்தால் மற்ற நான்கும் பயனற்றுப் போகும். நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டு வைப்பதும், முற்றும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் மறந்துவிடுவதும் அவற்றுக்கு நஞ்சு. என் கருவிக்கு நான் இரண்டையும் செய்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்துக் கலங்களை மாற்றித் தருவோரும் உளர். பொருந்தாத கலமோ பிழையான இணைப்போ தீப்பிடிக்கச் செய்யக்கூடும் என்பதால், அவ்வழியை நான் தவிர்த்தேன்.

பழைய நிக்கல் காட்மியம் வகைக் கருவியாயின் என் தீர்ப்பு வேறு. அதற்கு மேலும் பணம் செலவிட வேண்டா. காட்மியம் நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் கம்பியில்லாக் கருவிகளுக்கு அளித்திருந்த விலக்கையும் 2016ஆம் ஆண்டு இறுதியோடு முடித்துக்கொண்டது. எந்த வகையாயினும் வீட்டுக் குப்பையில் போடலாகாது. நாம் வீசுவது எங்கே போகிறது? நமக்கு அருகிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குத்தான். 2022 சனவரியில் அங்கே மூண்ட தீயும் புகையும் நம் வட்டார மக்களுக்கு நினைவிருக்கும். அத்தீக்கு மின்கலம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எறிந்த பொருள் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வருத்தமெல்லாம் விலையைப் பற்றியது. நல்ல மோட்டார் இருக்கும்போதே மக்களைப் புதிது வாங்கத் தூண்டுவது மின்கலத்தின் விலைதான். நிறுவனத்துக்கு ஒரு வடிவம் என்பதால் ஒன்றின் மின்கலம் மற்றொன்றில் பொருந்துவதுமில்லை. ஜெர்மனியின் மெட்டாபோ 2018இல் தொடங்கிய கூட்டமைப்பில் பல நிறுவனங்கள் ஒரே மின்கலத்தைப் பகிர்கின்றன; ஆக, முடியாத செயலன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல விதிமுறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு வகைக் கருவியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதன் மாற்று மின்கலம் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் இவ்விதி பொருந்தும். நம் நாட்டிலும் இத்தகைய விதி வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, கருவி வாங்கும்போதே அதன் மின்கலம் தனியாக என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.

நான் 160 வெள்ளி கொடுத்து மின்கலத்தை மட்டும் வாங்கினேன். "80 வெள்ளி கூடப் போட்டிருந்தால் இரண்டு கிடைத்திருக்குமே?" என்று துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. பழைய மின்கலத்தின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி வைத்திருக்கிறேன். மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்க வேண்டும். பலகைகளில் இன்னும் மூன்று பாக்கி.