கடனைக் காட்டி நிக்காஹைத் தடுக்காதீர்கள்

வங்கியின் வட்டிக்கடன் அடைபடும்வரை, இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவருக்கு நிக்காஹ் கூடாது என்கிறார்கள் சிலர். எந்த ஆதாரத்தில்? வட்டியைத் தடைசெய்யும் குர்ஆனின் அல்பகரா 275ஆம் வசனமே, அறிவுரை வந்தபின் விலகிக்கொண்டவரின் பழையதைத் தோண்டவில்லை. இறுதி ஹஜ் உரையில் நபி (ஸல்) அவர்கள் முதலில் ரத்துசெய்த வட்டி, தம் சிறிய தந்தை அப்பாஸுக்கு வரவேண்டியது. இறங்கியது யார் தோளின் சுமை? கடன்பட்டவரின் சுமை!

புதுக்கடன் கூடாது, பழையதை விரைந்து அடைக்க வேண்டும், மணப்பெண்ணிடம் மறைக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இவை நிக்காஹுக்குப் பூட்டு ஆகாது. இரும்பு மோதிரம்கூட இல்லாத ஏழைக்கு, அவர் அறிந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக்கி மணம் முடித்துவைத்தவர் நபிகள். தம்மை மணக்க விரும்பிய அபூதல்ஹா இஸ்லாத்தை ஏற்றதையே மஹராகக் கொண்டார் நபித்தோழி உம்மு சுலைம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் (அத்தவ்பா 60) உள்ளம் இணைக்கப்பட வேண்டியவர்களும் இருக்கிறார்கள், கடனாளிகளும் இருக்கிறார்கள். சொந்தபந்தம் கைவிட்ட, கடனில் தவிக்கும் ஒருவர் பள்ளிவாசல் படியேறும்போது, ஜமாஅத் முதலில் எடுக்க வேண்டியது ஜகாத் கணக்கை. அவருடைய கடன் பத்திரத்தை அல்ல.