தண்ணீர் குடிக்க நேரம் தந்துவிட்டு அறிவுரை சொல்லுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில், முன்பு எங்கள் பள்ளியில் வகுப்பறைத் துணையாளராக இருந்த அக்காவைச் சந்தித்தேன். உணவுக்கடைப் பகுதியில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். அவர் இரண்டாவது கோப்பையையும் கேட்டு வாங்கியபோது எனக்கு வியப்பு. பள்ளியில் காலை ஏழரை மணி முதல் பிற்பகல் வரை அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தும் நான் கண்டதில்லை. அதைச் சொன்னேன்.

“தண்ணி குடிச்சா கழிவறைக்குப் போகணும் டீச்சர். நான் போனா தம்பிய யார் பாத்துக்குவா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் பணியிலிருந்த அந்த ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பள்ளியில் நலவாழ்வுப் பயிலரங்கு ஒன்று நடந்தது. நாள்தோறும் எட்டுக் கோப்பைத் தண்ணீர் குடியுங்கள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள், உங்களை நீங்களே நேசியுங்கள் என்றார்கள். அக்கா கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். காலையில் மாணவன் கடித்த இடத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

நண்பர்களே, இதைத்தான் நான் கண்டிக்கிறேன். உதவியாளரின் நேரத்தையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டு, அவருடைய நலத்தை மட்டும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறோம். இதற்கு அக்கறை என்று பெயர் சூட்டுகிறோம். இது அக்கறையன்று, கைகழுவல்.

சிங்கப்பூரின் பொதுப் பள்ளிகளுக்குச் சிறப்புத் தேவை அலுவலர்கள் 2005ஆம் ஆண்டுவாக்கில் வரத் தொடங்கினர். 2009இல் கல்வி அமைச்சு புதிய பணித்திட்டத்தை அறிவித்து, அவர்களை இணைக் கல்வியாளர்கள் என்றது. இப்போது சிறப்புக் கல்வித் தேவை அலுவலர் என்கிறார்கள். இவர்களைத் தவிர ஒப்பந்தத்தில் வந்து போகும் உதவியாளர்களும் உண்டு. பெயர்கள் மாறின, பயிற்சியும் மதிப்பும் கூடின, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியருக்கு வகுப்பில்லாத வேளை என்று ஒன்றிருக்கும். மாணவருக்கு இடைவேளை இருக்கும். அந்த இடைவேளையில் மாணவனோடு உணவகத்துக்குச் செல்லும் துணையாளருக்கு எது இடைவேளை?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு ஒரு விளக்கம் தந்தது. அதை நோயாக அது வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலையிட மன அழுத்தத்தின் விளைவு என்றது. வேலையிடத்தில் விளைவதை வீட்டில் மூச்சுப்பயிற்சி செய்து தீர்த்துக்கொள் என்பது, கூரை ஒழுகும் வீட்டில் குடியிருப்பவனிடம் குடை வாங்கிக்கொள் என்பது போன்றது.

“ஆசிரியர்களுக்கே ஓய்வில்லை, இதில் உதவியாளருக்கு என்ன தனிச் சலுகை?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், நமக்கும் ஓய்வில்லை. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்கு 47 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். ஆனால் நம் உழைப்பை எண்ணவாவது ஓர் ஆய்வு இருக்கிறது. அந்த ஆய்வு ஆசிரியர்களிடமும் பள்ளித் தலைவர்களிடமும் கேள்வி கேட்கிறது. வகுப்பறைத் துணையாளரிடம் கேட்பதில்லை. நம் சுமை பெரிது என்பதால் பக்கத்தில் இருப்பவரின் சுமை சிறிதாகிவிடாது.

“தம்மைத் தாம் பேணுவது அவரவர் கடமையல்லவா?” என்பது அடுத்த கேள்வி. கடமையே. உறங்குவதும் நடப்பதும் மனம்விட்டுப் பேசுவதும் அவர் கையில் உள்ளவை. மாற்று ஆள் தருவது பள்ளியின் கையில் உள்ளது. முன்னதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பின்னதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே என் குற்றச்சாட்டு.

அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மாணவன் அமைதியாக இருந்த பத்து நிமிடத்தில், “அக்கா, இந்தப் பயிற்சித்தாளைப் படியெடுத்து வர முடியுமா?” என்று அவரை அனுப்பியவள் நான். ஒருமுறை அல்ல, பலமுறை. அவர் மறுத்ததே இல்லை. மறுக்காததை விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. முதலாவதாக, துணையாளரின் இடைவேளையையும் அந்நேரத்தில் மாணவனைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் கால அட்டவணையிலேயே எழுதுங்கள். இரண்டாவதாக, மாணவன் கடித்தாலோ அடித்தாலோ அன்றைக்கே கால்மணி நேரம் அவரை விடுவித்து, நடந்ததைக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். பிள்ளை செய்தது என்பதால் காயம் காயமில்லை என்று ஆகாது. மூன்றாவதாக, ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோரிடம் தரத் தேவையில்லை என்று 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு தெளிவுபடுத்தியது. இரவு பத்து மணிக்கு “இன்று பையன் சாப்பிட்டானா?” என்று செய்தி பெறும் துணையாளருக்கும் அதே காப்பைத் தாருங்கள். நான்காவதாக, மாணவனைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவனை நம் எல்லாரையும்விட நன்கறிந்தவர் அவரே.

துணையாளராகப் பணியாற்றும் தோழியரே, உங்களுக்கும் ஒரு சொல். காயத்தை மறைக்காதீர்கள், தேதியோடு எழுதி வையுங்கள். படியெடுக்கச் சொல்லும் என்னைப் போன்றவர்களிடம் “இது என் இடைவேளை” என்று சொல்லிப் பழகுங்கள். எங்களுக்கு முதலில் முகம் சுளிக்கும். பிறகு பழகிவிடும்.

அக்கா அந்த ஆண்டு நவம்பரோடு விலகினார். ஜனவரியில் பள்ளி திறந்தபோது அந்த மாணவன் என் தமிழ் வகுப்பில் மேசைக்கு அடியில் போய் அமர்ந்துகொண்டான். அக்கா வந்தால்தான் வெளியே வருவேன் என்றான். மூன்று வாரம் அப்படியே இருந்தான். துணையாளரின் நலம் அவருடைய சொந்த விவகாரம் என்று நினைப்பவர்கள் அந்த மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்திருக்க வேண்டும்.