படிக்கவா, பார்க்கவா?

2019-இல் பணி ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்தபோது எங்கள் வீட்டில் ஏழு பெட்டி தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. துவாரகாவில் நாங்கள் குடியேறிய சிறிய வீட்டில் இரண்டு பெட்டிக்குத்தான் இடம். மூன்றை நம் சங்க நூலகத்துக்குக் கொடுத்தேன். மிச்சம் இரண்டு பெட்டியும் வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள். அவற்றைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டேன். என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அவை. ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதைக் கேள்விப்பட்ட பெங்களூர் மகன், "அப்பா, படிக்க ஒரு கருவி வாங்கித் தரேன். கிண்டில் மாதிரி வேணுமா, டேப்லெட் வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றான். நண்பர்களிடம் இரண்டையும் கடன் வாங்கி ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். நம்மில் பலருக்கு இதே கேள்வி வருவதால் என் கருத்தை எழுதுகிறேன்.

மின்வாசிப்பான் என்பது படிப்பதற்கென்றே செய்த கருவி. அதன் திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள். அவற்றுக்குள் கருப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்தால் வேண்டிய துகள் மேலே வந்து எழுத்தாகிறது. வந்தபின் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் எழுத்துக்கு மின்சாரம் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். டேப்லெட்டோ தானே ஒளிவிடும் திரை; நன்றாகப் பயன்படுத்தினால் ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

தில்லிக்காரர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஜனவரி வெயிலில் மாடியில் நாற்காலி போட்டு உட்காருங்கள். டேப்லெட்டில் உங்கள் முகம்தான் தெரியும். மின்வாசிப்பானில் அச்சுத்தாள் போல எழுத்து பளிச்சென்று தெரியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுப் பயணத்துக்குப் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் நாவல்கள் வரை இலவசமாகத் தருகிறது. கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்பனைக்கு உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழ் இணைய நூலகத்தில் பழைய நூல்களும் பருவ இதழ்களும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கப்பட்டுள்ளன. ஆறு அங்குலத் திரையில் அவை எறும்பு ஊர்ந்தது போலத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது. படத்தைத்தான் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து அங்குல டேப்லெட்டே சரி. இன்னொன்று, காசு கொடுத்து வாங்கினாலும் மின்னூல் முழுக்க நம்முடையது ஆகாது. 2009-இல் ஆர்வெலின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமைப் பிரச்சினையால், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அலமாரியிலிருந்து யாரும் அப்படிப் புத்தகத்தை எடுத்துப்போக முடியுமா?

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு மின்வாசிப்பானுக்கே. காரணம் கண் அல்ல, மனம். டேப்லெட்டில் நான்கு பக்கம் படிப்பதற்குள் குடும்பக் குழுவில் "காலை வணக்கம்" வந்து விழும். பேரன் வந்து "தாத்தா, ஒரே ஒரு கேம்" என்பான். அந்த மாதத்தில் டேப்லெட்டில் ஒரு நாவலைக்கூட நான் முடிக்கவில்லை. மற்றதில் மூன்று முடித்தேன். ஊரை விட்டு வந்து முப்பது, நாற்பது வருடம் ஆன நம்மிடம் தமிழ் தங்கியிருப்பது பெரும்பாலும் இந்தப் படிக்கும் பழக்கத்தில்தான். அதைக் காக்கும் கருவி எதுவோ அதுவே நல்லது.

ஆனால் என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்குக் கதை போதும். எனக்கு அந்தப் பழைய பக்கம், அந்தப் படம், ஓரத்துல வந்த விளம்பரம் எல்லாம் வேணும்" என்றாள். அவள் கேட்பதும் நியாயமே. எடைக்குப் போட்டவனுக்கு மறுத்துப் பேசும் தகுதி இல்லை.

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு மின்வாசிப்பான் அவரவர் பொறுப்பு. பெரிய திரை டேப்லெட் ஒன்றை நூலகத்தில் வையுங்கள். பழைய இதழ்களைத் தேடி வரும் பெரியவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்க ஓர் இளைஞர் ஞாயிறுதோறும் உட்காரட்டும். முதல் வாசகியாக என் வீட்டிலிருந்தே ஒருவர் வருவார். செலவில் என் பங்காக ஆயிரம் ரூபாய் தருகிறேன். அந்தக் கபாடிக் கணக்கை நான் எங்காவது தீர்க்க வேண்டுமே!