நெட்டை மட்டும் காணுமோ?

துபாயில இருக்கிற மருமகனுக்கு ஒரே கதை: "மாமா, எங்கட கூடைப்பந்து அணிக்கு இன்னொரு நெட்டையன் வேணும்!" 2025இல் யூரோலீக்குக்குள்ள போன அணி, அந்த வருசமே 2.08 மீற்றர் கபெங்கெலேயைச் சேர்த்தது. காணாதாம்.

எங்கட தர்ஜினி சிவலிங்கத்தை மறந்துபோனியளோ? அவவும் அதே உயரந்தான். 2018இல் அவ திரும்பி வர, இலங்கை வலைப்பந்தில் ஆசியச் சம்பியன். சரி. 2019 லிவர்பூல் உலகக்கிண்ணத்திலயும் அவதான் ஆகக் கூடக் கோல் போட்டவ, 348. இலங்கை? 16 அணியில் 15ஆம் இடம்!

பந்தைக் கொண்டுபோய்க் குடுக்கவும் பின்னால மறிக்கவும் ஆளில்லாமல் நெட்டை என்ன செய்யும்? காசை முதல்ல அதுக்குக் கொட்டுங்கோ. இல்லாட்டி, தோத்தால் பழி வாங்கி வந்தவன்ர தலையில. ஒப்பந்தம் முடிய விசாவும் முடியும். வளைகுடாவில வேலை செய்த எங்களுக்குத் தெரியாததோ?