பள்ளிப் பிள்ளைகளைத் தோட்டங்காட்டுக்குக் கூட்டி வாருங்கள்!

  

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றால் கோழிப்பண்ணைக்கு அடுத்தபடி விடுதிப் பள்ளிக்கூடந்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கி, மார்க்குக்காகப் படிக்கிறார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குச்சிக்கிழங்குக் காடு. அதை எப்போது நடுவது, எப்போது பிடுங்குவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. சுற்றுலா என்றால் ஊட்டிக்கு பஸ் கிளம்புகிறது. பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்துபோகத்தான் நேரமில்லையாம்!

"மறுபடியும் குலக்கல்வியா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அதுதான் சரி. நாங்கள் கேட்பது அதுவல்ல. டாக்டர் மகனும் வரட்டும், கடைக்காரர் மகளும் வரட்டும், கூலிக்காரர் பிள்ளையும் வரட்டும். படிப்பை விட்டுவிட்டு அல்ல, படிப்பாகவே வரட்டும்.

வந்து என்ன பார்ப்பது? பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடியாது. அதைக் காட்டிலேயே பார்க்கட்டும். ஜவ்வரிசி மில்லில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடுவதைப் பார்க்கட்டும். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் ஏன் கூட்டுறவாக வந்தது என்று கேட்கட்டும். உழவர் சந்தையில் தக்காளி என்ன விலை, கடையில் என்ன விலை என்று எழுதி வரட்டும். கணக்குப் பாடமும் வரும், விவசாயிக்கு ஏன் கட்டுபடியாகவில்லை என்பதும் விளங்கும்.

நோய் பரவும் என்று முட்டைக்கோழிப் பண்ணைக்குள் வெளியாளை விடமாட்டார்கள். அதனாலென்ன? நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடை டாக்டர், மண் பரிசோதனை, விதைச் சான்று, சொட்டுநீர், பம்புசெட்டு மெக்கானிக் என்று இத்தனை வேலை இருப்பது பத்தாவது முடிக்குமுன் தெரிய வேண்டாமா?

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரை புத்தகப்பை இல்லாத 10 நாள் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம்ம ஊர்ப் பிள்ளை நம்ம ஊர் மண்ணைப் பார்க்க டெல்லி உத்தரவு எதற்கு?

சுத்திக் காட்டிவிட்டால் மட்டும் விவசாயம் பிழைத்துவிடாது என்று எங்களுக்கும் தெரியும். விலை கிடைக்காத தொழிலுக்கு எந்தப் பிள்ளையும் வராது. ஆனால் நாளைக்குக் கலெக்டராகவும் பேங்க் மேனேஜராகவும் உட்காரப் போவது இவர்கள்தான். காய்ந்த காட்டைக் கண்ணால் பார்த்தவர் போடும் கையெழுத்து வேறு, பார்க்காதவர் போடும் கையெழுத்து வேறு.

எங்கள் கோரிக்கைகள்:

1. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றிலும் 6 முதல் 10 வரை, நடவுக்கு ஒரு நாள், அறுவடைக்கு ஒரு நாள் பாட நாளாகவே ஒதுக்க வேண்டும்.

2. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் செலவை அரசே ஏற்க வேண்டும்.

3. பாடம் சொல்லித்தரும் விவசாயிக்கும், பண்ணையத்து வேலை செய்யும் பெண்களுக்கும் அன்றைய சம்பளம் தர வேண்டும்.

4. பார்க்க வந்த பிள்ளைகளை வேலை வாங்கக் கூடாது.

எங்கள் தோட்டத்துக் கதவு திறந்தே இருக்கிறது. வாத்தியார்களே, பிள்ளைகளோடு வாருங்கள்! பெற்றோர்களே, பள்ளியில் கேளுங்கள்!